சம்பந்திக்கு ஒரு வெண்டைக்காய் விருந்து

நீங்க தமிழ்தானம்மா? போன்ல "சாப்பிட்டாச்சா"ன்னு கேட்டியள்லா, காதுல விழுந்ததும் எந்திரிச்சு வந்துட்டேன். இங்கன உக்காந்துக்கிடட்டுமா? இந்த நாக்காலியில இருந்தாத்தான் அந்தக் கதவு தெரியும். அந்தா, பச்சைக் கதவு. காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உங்களுக்கு எந்த ஊரு? பொள்ளாச்சியா? நமக்கு ஆலங்குளம், தென்காசிப் பக்கம். என் பேரு உலகம்மா. நீங்க? மேகலாவா, நல்ல பேரு. வீட்டுக்காரருக்குக் கால்ல ஆப்பரேசனா? அய்யோ. சரியாப் போயிரும்மா, கால்தான. காலுன்னா பயமில்ல. எனக்கு உள்ள இருக்கது மக. இசக்கின்னு பேரு. தலைப்பேறு. ரத்தக்கொதிப்பு வேற ஏறி ஏறி எறங்குது. காலையில கூட்டிட்டு வந்தோம், இன்னும் ஒரு தகவலும் இல்ல.

உள்ள ரெண்டு பேருதான் நிக்கலாமாம் இந்த அமெரிக்கா ஆஸ்பத்திரியில. ஒண்ணு மாப்ள. சரி, அவரு நிக்கட்டும், இந்த ஊரு வழக்கம் அது. இன்னொரு ஆளு யாரு? பெத்தவ நான் இங்க உங்ககூட உக்காந்திருக்கேன். உள்ள நிக்கது யாரு தெரியுமா? மாப்ளையப் பெத்தவ. லொரேன்னு பேரு. என் கையால பொரிச்ச வெண்டைக்காயத் தின்னுட்டு, என் கையால தட்டும் வாங்கிட்டு, இன்னைக்கு என்னைய வெளிய விட்டுட்டு உள்ள போயி நிக்கா. நீங்களே சொல்லுங்க, நியாயமா இது?

சொல்லுதேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

எனக்கு ஏன் உள்ள நிக்கணும்னா, அத யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. இசக்கிக்கே தெரியாது. எங்கூடப் பொறந்த அக்கா ஒருத்தி, சொர்ணம்னு. தலைப்பேறுக்கு எங்க வீட்டுக்கு வந்தா. கை காலு எல்லாம் நீர் கோத்து வீங்கி, தலைவலின்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும்னு இருந்துட்டாவ எல்லாரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையிலேயே கை கால் இழுத்துருச்சு. கதவ மூடிட்டாவ. நான் பாவாட சட்ட போட்ட புள்ள, கதவுக்கு வெளிய நின்னேன். உள்ள அக்கா கூப்பிட்டா, சத்தம் கேட்டுது, யாரையும் விடல. அப்புறம் சத்தம் கேக்கல. அவ்வளவுதான். இசக்கிகிட்ட, உங்க பெரியம்மா காய்ச்சல்ல போயிட்டான்னுதான் சொல்லி வச்சிருக்கேன். புள்ளத்தாச்சி காதுல விழக்கூடிய பேச்சா அது? சொன்னா அதுவே நடந்துருமோன்னு ஒரு இது.

அதனால பயம்னா எனக்கு அப்படி ஒரு பயம். ஆனா வெளிய காட்ட மாட்டேன். அது என் கொணம். இசக்கி குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு "இசக்கி, இசக்கி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். அவ "என்னம்மா"ன்னு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லணும். சும்மா பேச்சுக் குடுக்க மாதிரித்தான் கூப்பிடுவேன். காலு வீங்கியிருக்கான்னு பெருவிரலால அமுக்கி, பள்ளம் விழுதான்னு பாப்பேன். எண்ணெ தேய்க்கேன்னு சொல்லித்தான் பாப்பேன். தலையத் தொட்டான்னா போதும், "தலைவலிக்கா? எங்க வலிக்கு? கண்ணு தெரியுதா?"ம்பேன். அவ்வளவுதான். மத்தபடி என் பயம் அவளுக்குத் துளிகூடத் தெரியாது.

அந்தா, யாரோ வாராவ. நர்சு. இல்ல, நம்மளுக்கு இல்ல. அந்தப் பக்கம் போறா.

விருந்துக் கதைக்கு வாரேன். டாக்டரம்மா இந்த ரெண்டு பேரு சட்டத்தச் சொன்னதுமே இசக்கிகிட்டக் கேட்டேன், "ஏட்டி, நாந்தான வருவேன்?"னு. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "இன்னும் முடிவு பண்ணலம்மா"ன்னா. முடிவு பண்ண என்ன இருக்கு இதுல? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அந்தப் பொம்பள ஏதோ சொல்லி வச்சிருக்கான்னு. அவுகளுக்கு இது சொந்த ஊரு, பாஷை தெரியும், டாக்டரு கூடச் சிரிச்சுப் பேசுவாவ. என்னைய மாதிரியா? நான் இங்க வந்தா ஒரு தம்ளரு தண்ணி கேக்கதுக்கே மக வேணும்.

ஆளு எப்படி இருப்பா தெரியுமா? நெலைப்படியில தல இடிக்கும், அவ்வளவு உயரம். தோளு ரெண்டும் ஆம்பள தோளு. குதுரை வளத்திருக்காளாம், துப்பாக்கி எடுத்துக்கிட்டு மான் வேட்டைக்கும் போவாளாம். பயம்னா என்னன்னே தெரியாத பொம்பளன்னு மாப்ளயே சொல்லுவாரு. அவுகளப் பாத்தாலே நான் ரெண்டு எட்டுத் தள்ளித்தான் நிப்பேன். சம்பந்தின்னு பேருதான், ரெண்டு பேரும் பாத்தா சிரிச்சுக்கிடுவோம், அதுக்கு மேல என்ன பேச?

அப்பதான் யோசிச்சேன். நம்ம ஊருல ஒருத்தருகிட்ட காரியம் ஆகணும்னா என்ன செய்வோம்? வீட்டுக்குக் கூப்பிட்டு வாய்க்கு ருசியா ஆக்கிப்போட்டு, வயிறு குளுந்ததும் பேச்ச எடுப்போம். மாப்ளகிட்டக் கேட்டேன், உங்க அம்மைக்கு என்ன புடிக்கும்னு. அவரு கொஞ்சம் தமிழ் பேசுவாரு, "அத்தை"ன்னுதான் கூப்பிடுவாரு. "வெண்டைக்காய், அத்தை"ன்னாரு. பொரிச்ச வெண்டைக்காய். இந்தத் தெக்கத்தி அமெரிக்காக்காரங்களுக்கு அதுதான் விருந்தாம். அது சரியா இருந்தா மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் மன்னிச்சுருவாவளாம். அது சரியில்லன்னா கோழி அடிச்சுப் போட்டாலும் பிரயோசனம் இல்லையாம்.

எனக்குச் சிரிப்பாணி தாங்கல. ஆலங்குளத்துக்காரிக்கு வெண்டைக்காயா? காய்கறிச் சந்தைக்குப் பின்னாலயே பொறந்து வளந்தவ நான். வெண்டைக்காயப் பத்தி எனக்கு யாரு சொல்லித்தரணும்னு நெனச்சேன். அந்த நெனப்புதான் என்னையக் கொண்டுபோயி மாட்டிவிட்டுது.

சனிக்கெழம ரோட்டோரமாத் தோட்டக்காரங்க கடை போடுவாங்க இங்க. மாப்ள கூட்டிட்டுப் போனாரு. வெண்டைக்காய் கூடை கூடையா இருந்துது. நீங்க வெண்டைக்காய் எப்படி வாங்குவிய? ஆங், அதான். நானும் அப்படித்தான், நின்ன எடத்துல நுனிய ஒடிக்க ஆரம்பிச்சுட்டேன். பட்டுன்னு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல். மாப்ள தக்காளிப் பக்கம் போயிட்டாரு. நான் ஒடிச்சு ஒடிச்சுப் பிஞ்ச ஒரு பக்கம், முத்தல ஒரு பக்கம் போட்டுக்கிட்டே இருக்கேன், கூடையே முடியப் போகுது. நிமிந்து பாத்தா எதுக்க ஒரு ஆளு. சேப்புத் தொப்பி, நெஞ்சு வரைக்கும் தாடி. இடுப்புல பாத்தா துப்பாக்கி, அம்மா. நெசத் துப்பாக்கி. நம்ம ஊருல காய்க்காரி "ஒடிக்காதத்தா"ன்னு கத்துவா, அதோட போயிரும். இவன் கத்தவும் இல்ல. என் கையில இருந்த வெண்டைக்காயையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்கான்.

ஒடிஞ்ச நுனிய எடுத்துக் காயிலயே வச்சுப் பாத்தேன்னா பாத்துக்கோங்க. ஒட்டுமா அது? மகளுக்குப் பேறுகாலம் பாக்க வந்தவ வெண்டைக்காய்க்காகச் சுடுபட்டுச் செத்தான்னு ஊருல பேசுவாங்களேன்னு இருந்துது. மாப்ள ஓடி வந்து ஏதோ சொன்னாரு, அவன் ஏதோ சொன்னான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஒடிச்சது பூராவையும் நாம எடுத்துக்கிடணும், அவ்வளவுதானாம். மூணு பை நெறைய வெண்டைக்காய். பிஞ்சும் முத்தலும் சேத்து. கார்ல ஏறுன பெறகும் அவன் பின்னால வாரானான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

அவ்வளவு காய வச்சுக்கிட்டு அப்புறம் என்ன செய்ய? விருந்து முழுக்க வெண்டைக்காய்தான்னு ஆயிப்போச்சு.

மாப்ள செய்முறை சொன்னாரு. காய வட்ட வட்டமா நறுக்கி மோருல ஊறவைக்கணுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வெட்டுன வெண்டைக்காய ஈரத்துல போடுதா? ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே நூலு இழுக்கும், நாம அலசித் தொடச்சு, ஈரம் காஞ்சதுக்கு அப்புறந்தான் அருவாமனையப் பக்கத்துல கொண்டு வருவோம். இவுக என்னடான்னா குளிப்பாட்டச் சொல்லுதாவ. அந்த மோரும் மோரு மாதிரி இல்ல, தயிர விடக் கெட்டி. அதுல ஊறுனத எடுத்து மஞ்சச் சோள மாவுல பெரட்டி எண்ணெயில போடணுமாம். மாவு ரவ மாதிரி நெறநெறன்னு இருக்கு.

அவரு சொன்னபடியும் செய்யணும், எனக்கு மனசும் ஒப்பல. நூலு இழுத்துட்டா அந்தப் பொம்பள தட்ட ஒதுக்கிருவா, காரியம் கெட்டுப் போயிரும். மொதல்ல கொஞ்சமாப் பொரிச்சுப் பாப்போம்னு அடுப்பப் பத்த வச்சேன். எண்ணெ காஞ்சு கொஞ்சம் பொகஞ்சிருக்கு, அவ்வளவுதான், கூரையில இருந்து ஒரு சத்தம் கெளம்புச்சு பாருங்க, சங்கு மாதிரி. பொக பட்டாக் கத்துத மிசினாம், நிக்கவே மாட்டேங்கு. போலீசு வரப்போகுதுன்னு நெனச்சுட்டேன். இசக்கி வயித்தப் பிடிச்சுக்கிட்டு மாடியில இருந்து எறங்கி ஓடியாரா. "ஓடாத! ஓடாதட்டி! விழுந்துராத! ஓடாத!"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரன் வந்து எட்டிப் பாத்துட்டான். அன்னைக்கே ஆஸ்பத்திரியில பாத்தா ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கு. வீட்டுல பதட்டம் இல்லாமப் பாத்துக்கோங்கன்னு டாக்டரம்மா சொல்லிவிட்டாவ. அந்தச் சங்கு பண்ணுன வேலை. அந்த எழவ முதல்ல கழட்டுங்கன்னு மாப்ளகிட்டச் சொன்னேன், கேக்கல.

"ஏம்மா உனக்கு இந்தப் பாடு, வெளிய ஏதாவது வாங்கிக்கிடலாம்மா"ன்னா இசக்கி. விட்டேனா? ஞாயித்துக்கெழம ராகு காலத்துக்கு முன்னால சாப்பாடு முடியணும்னு நேரம் குறிச்சேன். மத்த பலகாரம் எல்லாம் மாப்ள சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேன். சோள மாவுல ரொட்டி. தடிச்ச எலையில ஒரு கீரை, அத வேகவைக்கவே அரைநாளு ஆகும், பன்னிக்கறி போடணும்னாரு, அது மட்டும் நான் மாட்டேன்னுட்டேன். சீனிய அள்ளிக் கொட்டுன குளுந்த தேத்தண்ணி. ஒரு பயறு கொண்டாந்தாரு, கண்ணு கண்ணா இருக்கும்னு. பிரிச்சுப் பாத்தா நம்ம தட்டப்பயறும்மா! அதப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துட்டுது. இந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி அது ஒண்ணுதான். கோழி பொரிக்கது மாப்ள பொறுப்பு. சோறு இல்லாம விருந்தான்னு ஒரு ஓரமாக் கொஞ்சம் சோறும் வடிச்சு வச்சேன்.

வெண்டைக்காய ரெண்டு விதமாச் செஞ்சேன். ஒண்ணு அவரு சொன்ன மாதிரி மோருல போட்டது. இன்னொண்ணு, காய ஒண்ணொண்ணாத் துணியால தொடச்சு, கொல்லையில வெயில்ல காயவச்சு, ஈரம் காட்டாம உப்பும் துளி மொளகாப்பொடியும் சோள மாவும் சேத்துப் பெசறி முறுகலா எடுத்தது. ரெண்டு தட்டு, ரெண்டு பக்கமும் வச்சேன்.

வந்தா லொரேன். முத்துத் தோடு போட்டு, முடியச் சீவி, கையில பழம் போட்ட ஒரு பலகாரம். வாசல்லயே நிக்கா, உள்ள வரமாட்டேங்கா. என்னைய மேலயும் கீழயும் பாக்கா. இசக்கி வயித்தப் பாக்கா. என்ன நெனச்சாளோ. நான் கும்பிட்டேன். அவளும் பலகாரத்த ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கைய மட்டும் நெஞ்சுக்கு நேரா வச்சா. பாதிக் கும்பிடு.

சாப்பிட உக்காந்ததும் எல்லாரும் கையப் பிடிச்சுக்கிட்டுச் சாமி கும்பிடுதது அவுக வழக்கம். லொரேன் என் கையப் பிடிச்சா பாருங்க, இரும்புப் பிடி. விட மாட்டேங்கா. கண்ண மூடிக்கிட்டு என்னத்தையோ சொல்லுதா, சொல்லுதா, முடியல. மாப்ளயே ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தாரு. நானும் பாத்தேன். பாத்தா லொரேன் கண்ணுல தண்ணி வடியுது. எனக்கு உயிரே போச்சு. மொளகாப்பொடி தூக்கலாப் போச்சு, நெடி ஏறிட்டுதுன்னு நெனச்சேன். இன்னும் யாரும் வாயிலகூட வைக்கல, அதுக்குள்ள கண்ணு கலங்குதுன்னா எவ்வளவு காரமா இருக்கும்! அந்தத் தட்ட மெல்ல என் பக்கமா நகத்திக்கிட்டேன்.

அவ எட்டி அதையேதான் எடுத்தா. ஒரு துண்டு. மெல்லுதா, மெல்லுதா. எல்லாரும் அவ வாயப் பாக்கோம். இன்னொண்ணு எடுத்தா. அப்புறம் தட்டையே தூக்கித் தன் பக்கம் வச்சுக்கிட்டா. மோருல போட்டதத் தொடல. கோழியத் தொடல. வெண்டைக்காயப் பூராவும் தின்னா, வாயத் தொறந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. அவ்வளவு பெருமை. கைதொடைக்கக் குடுத்த துணியத் திருகித் திருகிக் கயிறு மாதிரி ஆக்கி வச்சிருக்கா. வேண்டா வெறுப்பா வந்தவதான அப்படி உக்காருவா?

அப்புறம் வாயத் தொறந்தா, என்னத்தக் கேட்டா தெரியுமா? இசக்கி பொறக்கையில எனக்கு ரொம்ப நேரம் ஆச்சா, ரொம்பக் கஷ்டப்பட்டனான்னு. இசக்கிதான் எடுத்துச் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுது. எங்க வம்சத்துல ஏதாவது கொற இருக்கான்னு தோண்டிப் பாக்கா. நான் விடுவனா? "சட்டுன்னு பொறந்துட்டா, வலியே இல்ல, இட்லி வேகுத நேரந்தான்"னு சொன்னேன். நெசத்துல ரெண்டு நாளு கெடந்தேன், அது வேற. இசக்கி என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. லொரேன் "ஓ, ஓ"ன்னு தலையாட்டிக்கிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டா. சன்னல் வழியாப் பாத்தா, தன் கார்ல போயி உக்காந்திருக்கா, கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு. விருந்து நடுவுல! எங்க ஊரா இருந்தா அதுக்கே ரெண்டு குடும்பமும் பேசாமப் போயிருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கச் சிந்திக்கிட்டு வந்தா. சளி போல.

இனியும் விட்டா ஆளு கெளம்பிருவான்னு, இசக்கி பாத்ரூமுக்குப் போன சமயமாப் பாத்துத் தட்டக் கொண்டு வந்தேன். எவர்சில்வரு தட்டுதான். மஞ்சள், குங்குமம், வாழப்பழம், ஊருல இருந்து கொண்டாந்த பாக்கு, பச்சைப் பட்டுச் சேலை ஒண்ணு. வெத்தல கெடைக்கல. கெழக்கப் பாத்து நின்னு, லொரேன நிக்க வச்சு, வாய்விட்டுக் கேட்டேன். தமிழ்லதான் கேட்டேன். "சம்பந்தியம்மா, எம்மக பிள்ள பெறுத அன்னைக்கு உள்ள நான் நிக்கணும். எனக்கு ஒரே புள்ள. நீங்க வெளிய இருக்கணும். சம்மதம்னா இத வாங்கிக்கிடுங்க"ன்னு. வாங்குனாளா இல்லையா? ரெண்டு கையாலயும் வாங்குனா. தலைய ஆட்டுனா. என்னையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா, எலும்பே நொறுங்குத மாதிரி. நீங்களே சொல்லுங்க, தட்ட வாங்குனதுக்கு அப்புறம் வாக்கு மாறுதது உண்டா? நிச்சயத்துல தட்டு மாத்திட்டா கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான? அவளுக்குத் தமிழ் தெரியாதுங்கிய. தட்டுக்கு என்னம்மா தமிழ், இங்கிலீசு? மஞ்சளும் குங்குமமும் கையில வாங்குனா உலகத்துல எந்தப் பொம்பளைக்கும் தெரியாதா?

அன்னைக்கு ராத்திரிதான் இந்த ஊருல நான் நல்லாத் தூங்குனேன்.

இன்னைக்குக் காலையில வலி எடுத்ததும் வந்தோம். லொரேன் எங்களுக்கு முன்னால வந்து நிக்கா. அந்தப் பச்சைப் பட்ட மடிச்சுக் கழுத்துல சுத்திக்கிட்டு நிக்கா, சால்வ மாதிரி. பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நாக்காலி வண்டியில இசக்கியத் தள்ளிக்கிட்டுப் போகையில நான் கூடவே போறேன், கதவுகிட்ட நர்சு கையக் காட்டி நிறுத்திட்டா. லொரேன் போறா. "தட்டு வாங்குனியே! தட்டு வாங்குனியேம்மா!"ன்னு நான் கத்துதேன். அப்ப இசக்கி திரும்பிப் பாத்து என்ன சொன்னா தெரியுமா?

"அம்மா, நாந்தான் அவங்கள வரச் சொன்னேன். நீ வேண்டாம்மா. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. செத்துப்போயிருவேன்னு தோணுதும்மா"ன்னா.

வலியில சொல்லுதா. வலியில என்னத்தையும் சொல்லுவாங்கள்லா? நான் அவ முன்னால ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவ இல்ல. பயத்த முழுங்கி முழுங்கியே வயிறு நெறஞ்சவ. எல்லாம் அந்தப் பொம்பள சொல்லிக் குடுத்தது. சொல்லிக் குடுக்காம எம்மக இப்படிப் பேசுவாளா? பேச மாட்டா. பேச மாட்டாள்லா?

நீங்க ஏன் என் மூஞ்சிய அப்படிப் பாக்கிய?

இருங்க. கதவு தொறக்குது.

யம்மா. இது லொரேன்லா? இவ ஏன் வெளிய வாரா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? செவுத்தப் பிடிச்சுக்கிட்டு வாராளே. மேகலா, இவ என்ன சொல்லுதான்னு கேளுங்க. எனக்குக் காது அடைச்சுக்கிட்டு வருது. எம்மக இருக்காளா? அத மொதல்ல கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். எம்மக உசுரோட இருக்காளா?

இருக்காளா. இருக்காளா? இன்னொருக்காக் கேளுங்க. சரி. சரிம்மா. புள்ள இன்னும் பொறக்கல. சரி.

அப்புறம் ஏன் இவ அழுதுக்கிட்டு நிக்கா? என்னது? உள்ள நிக்க முடியலையாமா? பயமா இருக்காமா? யாருக்கு, இவளுக்கா? இவ மான் வேட்டைக்குப் போறவம்மா, நல்லாக் கேளுங்க. இசக்கி வலியில கத்துனதும் மயக்கம் வந்து, நர்சே வெளிய போகச் சொல்லிட்டாவளா? எப்ப இருந்து பயமாம்? இசக்கிக்குக் கொதிப்புன்னு கேட்டதுல இருந்தேவா? அத்தன நாளுமா? பெத்த மகங்கிட்டகூடச் சொல்லலையாமா?

எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. எந்தப் பாஷையிலயாவது சொல்லியிருக்கலாமே.

இசக்கி என்ன சொன்னாளாம்? அம்மாவ வரச் சொல்லுன்னாளா? எந்த அம்மாவ? என்னையவா? "அம்மா"ன்னு தமிழ்லயா கூப்பிடுதா?

எந்திரிக்கேன். எந்திரிக்கேம்மா. இத்தன நாளும் இந்த எடத்துக்காகத்தான் சண்ட போட்டேன், இப்பப் பாருங்க, நாக்காலிய விட மாட்டேங்கேன். கொஞ்சம் பிடிங்க. ஆங். நின்னுட்டேன். என் மூஞ்சியப் பாருங்க மேகலா. பயந்தவ மூஞ்சியாவா இருக்கு? பொய் சொல்லாதிய. ம். எனக்கும் தெரியும். வேற மூஞ்சிக்கு நான் எங்கம்மா போவேன். இதத்தான கூப்பிடுதா.

இந்தா சம்பந்தியம்மா, நீங்க இங்கன உக்காருங்க. அழாதிய. அட, உக்காருங்கன்னா. மேகலா, இவுக கைய நீங்க பிடிச்சுக்கோங்க. ஒத்தையில விட்டுராதிய, பாவம், ரொம்பப் பயந்து போயிருக்காவ. நான் உள்ள போறேன். இல்ல, போயிட்டு வாரேன்.